நர்மதா துடைத்த புள்ளிகள்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பத்தொன்பது வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நர்மதாவுக்கு ஒரே ஒரு பெருமைதான். அவள் எடுக்கும் நகலில் ஒரு புள்ளி அழுக்கு இருக்காது. மற்ற கடைகளில் ஆதார் அட்டையைக் கொடுத்தால் முகத்தில் அம்மை போட்ட மாதிரி வரும். நர்மதா ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கறை, மடிப்பு, ஈயின் எச்சம் என்று ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத்தான் அச்சுக்கு விடுவாள். அதற்கு ஒரு நன்றி உண்டா? "இன்னாக்கா இவ்ளோ லேட்டு" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்ததுதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில்தான் சுடலைராஜ் வந்து சேர்ந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அங்கே வேலை பார்த்த ஒகமோட்டோ என்ற ஜப்பான் என்ஜினியரிடம் மூன்று வருடமாக ஷாகுஹாச்சி என்கிற மூங்கில் குழல் கற்றுக்கொண்டிருந்தார். ஒகமோட்டோ வியாழக்கிழமை ஊரோடு போகிறார். அவருடைய பழைய இசைப் புத்தகத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டால்தான் சுடலைராஜுக்கு இனிமேல் வாசிப்பு. அவருக்கு மனப்பாடம் ஆனவை நான்கே பாட்டு. புத்தகத்தில் இருப்பவை முப்பத்தாறு.

"மேலேர்ந்து கீழ படிக்கணும்மா. வலது பக்கத்துலேர்ந்து ஆரம்பம். தாள மாத்திக் கோத்துடாத," என்றார். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை, மனிதர்.

கொக்கி கொக்கியாக எழுத்து. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பக்கமும் கொசு மொய்த்த மாதிரி புள்ளிகள். நர்மதா இரண்டு நாள் சோறு தண்ணியை மறந்து, எழுபத்திரண்டு பக்கத்தையும் பளிச்சென்று துடைத்தாள். சுடலைராஜும் அவசரத்தில் மேலாகப் புரட்டிவிட்டு வாயெல்லாம் பல்லாகத்தான் வாங்கிப்போனார்.

சனிக்கிழமை குழலோடு வந்து நின்றார். "இன்னாம்மா இப்டி பண்ட்ட? புள்ளிங்கல்லாம் எங்க?"

"அழுக்குண்ணா. துட்ச்சிட்டேன்."

"அதாம்மா தாளம்!"

எந்த ஓட்டையை மூடுவது என்று எழுத்து சொல்லும். எவ்வளவு நேரம் ஊதுவது என்பதைப் புள்ளிதான் சொல்லும். வலது பக்கப் புள்ளிக்குத் தாளம் தட்ட வேண்டும், இடது பக்கப் புள்ளிக்குக் கையைத் தூக்க வேண்டும். புத்தகம் விமானம் ஏறிவிட்டது. ஸ்கேன் செய்ததன் மேலேயே துடைத்ததைச் சேமித்துவிட்டிருந்தாள்.

நர்மதாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தாளத்தைப் போய் எவனாவது ஈ எச்சம் மாதிரி எழுதுவானா? ஒரு எண் போட்டால் குறைந்தா போவான்? சுடலைராஜ் கத்தியிருந்தால் அவளும் கத்தித் தீர்த்திருப்பாள். அவரோ தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். அது அவளுக்குத் தாங்கவில்லை.

"போன போடுண்ணா உங்க ஜப்பான்காரருக்கு," என்றாள்.

ஒகமோட்டோ பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். போன் படத்தில் தாளம் எது, கறை எது என்று நர்மதாவுக்கு மட்டுமல்ல, சுடலைராஜுக்கும் பிரிக்கத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக நம்பிய தன் கண்ணை நர்மதாவுக்கு இப்போது நம்பப் பயமாக இருந்தது. கடைசியில் ஞாயிறு தோறும் சுடலைராஜ் கடையில் போனைப் பிடித்துக்கொள்ள, வீடியோவில் ஒகமோட்டோவே புத்தகத்தைப் பிரித்து, தொழிற்சாலையில் கற்ற தமிழில் "வலது, இடது, வலது" என்று சொல்ல, நர்மதா சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தாள். இருக்கிற ஒரு நாள் லீவும் போச்சு. மீன் வாங்கக்கூட நேரமில்லை. வாரத்துக்கு ஆறு பக்கம் தாண்டுவதே பெரும்பாடு.

ஐந்தாவது ஞாயிறு, இருபத்தெட்டாம் பக்கம். "வலது, இடது," என்று வந்த ஒகமோட்டோ நின்றார். தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். நகத்தால் சுரண்டினார். புள்ளி உதிர்ந்தது.

"இது அழுக்கு," என்றார்.

நர்மதா பேனாவை மேசையில் போட்டுவிட்டு எழுந்தே விட்டாள். சுடலைராஜின் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தபா சொல்லச் சொல்லுண்ணா. சத்தமா!"