ரௌட்டருக்கு டிரில் பேட்டரி, வித்யாவுக்கு ஜெனரேட்டர்

வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் சக டீச்சர்களே, நம் தொழிலில் கரண்ட் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதே நேரத்தில் அடுத்த தெரு டீச்சர் வீட்டில் கரண்ட் இருப்பதைத்தான் பொறுக்க முடியாது. நான் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில். இடி மழை என்றால் கரண்ட் போகும். என் மாணவர்களோ நியூஜெர்சியில் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள்.

உறைந்த முகம்

ஒரு சாயங்காலம் பின்னக் கூட்டல் நடத்திக்கொண்டிருந்தேன். டமார் என்று ஒரு இடி. லேப்டாப் ஓடியது, ரௌட்டர் அணைந்துவிட்டது. பாதி திறந்த வாயோடு என் முகம் அவர்கள் ஸ்கிரீனில் அப்படியே நின்றுபோனதாம்.

நியூஜெர்சி பிஸ்கட்டவேயிலிருந்து என் மாணவி நேஹாவின் அம்மா போன் செய்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல மேம். ஆனா வித்யா மேமும் உங்க கேட்டிதானே? என் கசின் பொண்ணு அவங்ககிட்டதான் படிக்கிறா. அங்க கிளாஸ் நடந்துக்கிட்டுதான் இருக்காம்."

உறுமல்

வித்யா அடுத்த தெரு. கோயம்புத்தூர்க்காரி. என்னைவிட இளையவள், மாணவர்களும் என்னைவிட அதிகம். மழை விட்டதும் வாக்கிங் போவதுபோல அவள் வீட்டுப் பக்கம் போனேன். பக்கவாட்டில் பெரிய ஜெனரேட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"வாங்கக்கா, காபி சாப்பிடலாம். உங்க வீட்ல கரண்ட் இல்லீங்களா? அச்சச்சோ, எங்களுக்குப் போனதே தெரியலீங்க!"

ஆம்லெட்

நானும் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவள்தான். ரௌட்டருக்குத் தேவை பன்னிரண்டு வோல்ட். என் கணவர் ரஃபீக்கின் டிரில் மெஷின் பேட்டரி பதினெட்டு வோல்ட். நேராகக் கொடுத்தால் ரௌட்டர் புகைந்துவிடும். நடுவில் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் வேண்டும். கேஸ் சிலிண்டர் தலையில் மாட்டுகிறோமே, அதே வேலைதான். வருவதை மட்டுப்படுத்தி ஒரே அளவில் விடும்.

அவசரத்தில், மூன்று கால் வைத்த சின்ன ரெகுலேட்டர் ஒன்றைச் சாலிடர் செய்து மாட்டினேன். மிச்ச வோல்டேஜை எல்லாம் அது சூடாக்கித்தான் தீர்க்கும் என்று காலேஜிலேயே படித்திருக்கிறேன். வித்யா நினைப்பில் அது மறந்தே போனது. தொட்டுப் பார்த்தேன், விரல் பொசுங்கியது. கொஞ்ச நேரத்தில் ரௌட்டரும் அணைந்தது. ரஃபீக் எட்டிப் பார்த்தார்.

"ஹமீதா, இதுல ஆம்லெட் போடலாம் போலயே! வித்யா வீட்டு ஜெனரேட்டர்ல இந்த வசதி கிடையாது, பாத்துக்க."

பச்சை விளக்கு

அடுத்து, சூடாகாத ஸ்டெப் டவுன் ரெகுலேட்டர் வாங்கினேன். அதிலிருந்த குட்டி ஸ்க்ரூவைத் திருப்பி, மீட்டரில் சரியாகப் பன்னிரண்டு வந்த பிறகே ரௌட்டரை மாட்டினேன். பிறகு ஊரிலேயே மழைக்காக ஏங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

மழை வந்தது. கரண்ட் போனது. பேட்டரியைச் செருகினேன், ரௌட்டரில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. ஆனால் நெட் இல்லை. காரேஜ் சுவரில் ஃபைபர் வந்து சேரும் டப்பா ஒன்று இருக்கிறதே, அதற்கும் கரண்ட் வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. திக்கித் திணறிய போன் டேட்டாவில் கிளாசுக்குள் நுழைந்து விஷயத்தைச் சொன்னேன். நேஹாதான் ஆறுதல் சொன்னாள்: "இட்ஸ் ஓகே மேம். யூ ஷுட் ஆஸ்க் வித்யா மேம். ஷி நெவர் ஹேஸ் திஸ் ப்ராப்ளம்."

விருந்தாளி

பிறகு வந்தது பெரிய புயல். மரங்கள் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அதற்குள் அந்த ஃபைபர் டப்பாவையும் இதே பேட்டரியில் சேர்த்திருந்தேன். நெட் வந்தது! வாசலில் பெல்லுக்குப் பதில் கதவைத் தட்டும் சத்தம். வித்யா, கையில் லேப்டாப்போடு.

"அக்கா, ஜெனரேட்டர் ஓடுதுங்க, நெட்தான் இல்லீங்க, போன் டேட்டாவும் எடுக்கலீங்க. எங்க கேபிள் கம்பெனி தெருவுல வச்ச பெட்டிக்கே கரண்ட் இல்லையாம். ஒரே ஒரு கிளாஸ், இங்க உக்காந்து எடுத்துக்கட்டுங்களா?"

முடியாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் என் பேட்டரிகள் தீர்ந்துகொண்டிருந்தன, சார்ஜ் போட எங்களிடம் கரண்ட் இல்லை. அவளிடம் இருந்தது. தீர்ந்த பேட்டரிகளை அவள் புருஷன் வாங்கிப் போய் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். ஒரே நேரத்தில் வித்யா டைனிங் டேபிளில் அவள் கிளாஸ், நான் பெட்ரூமில் என் கிளாஸ். அவள் கிளாஸ் என் ஒயரில் ஓடுகிறது என்று நினைக்கவே இனித்தது.

பத்து நிமிஷம்தான். டைனிங் ரூமிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவளும் சிரித்தாள், ஸ்பீக்கரில் பிள்ளைகளும் சிரித்தார்கள். பின்னத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று என் காதும் அங்கேதான் போனது. ஸ்கிரீனில் வரைந்த பீட்சாவை வெட்ட விட்டு அவர்களையே விடை சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். எழுந்து கதவைச் சாத்தினேன். அதற்குள் நேஹா மைக்கை ஆன் பண்ணிவிட்டாள்.

"மேம், ஹூ இஸ் தட்? தே ஆர் ஹேவிங் ஸோ மச் ஃபன். கேன் ஐ கோ டு தட் கிளாஸ்?"

ஆகவே தோழிகளே, ரௌட்டருக்கு எத்தனை பேட்டரி வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள், சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்தும் ஒருத்திக்கு மட்டும் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள்.