விழிஞ்ஞத்துச் சிப்பியும் வேலை போன நானும்

சிப்பி சுத்தம் செய்கிற வேலையில் முதலில் போவது நகம், அப்புறம் முதுகு, கடைசியில் கர்வம். குனிந்தே பிழைக்கும் சகோதரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருவனந்தபுரத்து ஹோட்டல் தொழிலாளிகளுக்காகக் கொடி பிடித்தவன் நான். கூலி உயர்ந்தது; என்னை மட்டும் எந்த ஹோட்டலும் உள்ளே விடவில்லை. கூட நின்று கோஷம் போட்டவர்கள், எதிரே வந்தால் செல்போனைப் பார்த்தார்கள்.

வேலை தந்தவள் விழிஞ்ஞத்து ஸ்டெல்லா. புருஷன் கடலில் முங்கிப் பாறையில் சிப்பி பறிப்பான். இவள் கரையில் விற்பாள். ஒரே நிபந்தனை: வாங்க வருகிறவர் ஒருவர் என்னைப் பற்றிக் குறை சொன்னாலும் நான் போய்விட வேண்டும்.

தாடி

சிப்பிக்குத் தாடி உண்டு. தன் காலிலிருந்து தானே நூல் சுரந்து, அந்த நூல்கொத்தால்தான் பாறையைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு ஓடும் சேர்கிற கூர்முனைப் பக்கமாகத் தாடியை இழுத்து எடுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் சதையும் கிழிந்து வரும். முதல் நாள் நான் இழுத்த வேகத்தைப் பார்த்த ஸ்டெல்லா கையைத் தட்டிவிட்டாள். "அண்ணாச்சி, இது முதலாளியோட சட்டையில்ல, இப்படிப் பிடிச்சு இழுக்க. மெல்ல!"

தலை

ஆட்டோ ஓட்டும் சுகு ஒருநாள், "இது என்ன தின்னும்?" என்று கேட்டான். சிப்பிக்குத் தலையே கிடையாது, கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளால் சலித்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களைத் தின்னும், பாறையில் ஒன்றையொன்று பிடித்துக் கூட்டமாக வாழும் என்று மேடைப் பேச்சு மாதிரியே விளக்கினேன். சுகு வாய் பிளந்தான். "தலையில்லாமலே இத்தனை பேர் பிரியாம நிக்குதா? எங்க சங்கத்துல ஆறு தலை, அண்ணாச்சி!"

நிறம்

கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, கணவனோடு வந்தாள். வேகவைத்த சிப்பியில் ஆரஞ்சு நிறத்தை மட்டும் கேட்டாள். வெளுத்ததெல்லாம் பழசு என்றாள். குறை வந்துவிட்டதென்று அவசரமாகக் குறுக்கிட்டேன். ஆரஞ்சு பெண், வெளுப்பு ஆண், இரண்டும் இன்று பறித்ததுதான் என்றேன். அவள் ஹெல்மெட்டோடு நின்ற கணவனை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, வெள்ளையும் போடுங்க அண்ணா. வீட்ல ஒண்ணைச் சகிக்கிறேன், தட்டுல சகிக்க மாட்டேனா!"

ஆள்

ஸ்டெல்லாவிடம் ஓட்டோடு கூடைக்கணக்கில் வாங்குகிறவர் ஒருவர்தான். கொடி பிடித்ததற்காக என்னை வேலையிலிருந்து துரத்திய ஹோட்டல் மேனேஜர். அன்று வாய் திறந்து கிடந்த சிப்பிகளைச் சாவியால் தட்டினார். உயிருள்ளது தட்டினால் மூடிக்கொள்ளும், எல்லாம் மூடின. திருப்தியாக நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். "இவன் இருக்கிற இடத்துல நான் வாங்க மாட்டேன். நாளைக்கு உனக்கு எதிராவும் கொடி பிடிப்பான்."

பேச்சுப்படி நான் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தேன். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை. கூடையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "சாரே, சிப்பியில குறை இருந்தா சொல்லு. ஆளைக் குறை சொல்ல இங்க என்ன கல்யாண ஆலோசனையா நடக்குது?"

ஒற்றுமை, ஒற்றுமை என்று ஆயுள் முழுக்க நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். எனக்காக ஒரு கூடைச் சிப்பியை விற்காமல் நின்றவள் அதில் ஒன்றைக்கூடப் படித்தவளில்லை.