செத்த காலும் மாமியார் போட்ட சட்டமும்

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் கணவரை நான் காலால் உதைத்ததே இல்லை. அதற்கும் சேர்த்து ஒரே மாதத்தில் உதைத்துத் தீர்த்தேன். அவர் சம்மதத்தோடுதான். இரட்டை இன்ஜின் விமானம் ஓட்டும் தேர்வுக்கு அது தேவைப்பட்டது.

ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஏற்கெனவே தேறியிருந்தேன். இதில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின். ஒன்று நின்றால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில்தான் சேர்ந்தேன். ஆனால் ஒன்று நின்றதுமே விமானம் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எதிர்ப்பக்கத்துக் காலால் மிதியை அழுத்தி நேராக்க வேண்டும். அப்போது எந்தக் கால் வேலையில்லாமல் கிடக்கிறதோ, அந்தப் பக்கத்து இன்ஜின்தான் செத்தது. 'செத்த கால், செத்த இன்ஜின்' என்பது பாடம். அதன் பிறகே அந்த இன்ஜினை அடியோடு அணைக்கும் கைப்பிடிக்குக் கை போகலாம்.

என் கால்களிடம் குறையில்லை. கைதான் அவசரக் குடுக்கை. கால் சொல்லி முடிப்பதற்குள் பாய்ந்து, நன்றாக ஓடுகிற இன்ஜினின் கைப்பிடியைத் தொட்டுவிடும். நிஜத்தில் அதை இழுத்தால் இரண்டு இன்ஜினும் நின்று, நேரே கடல்தான். மூன்றாவது முறையும் அப்படி ஆனபோது பயிற்சியாளர் சொன்னார்: "தேர்வுல ஒரு தடவ தப்பா தொட்டாலும் ஃபெயில்தான்மா. வீட்ல உக்காந்து பழகிட்டு வாங்க." எனக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷப் படிப்பும் என் வலது கையிடம் மாட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருக்கிறது. கணவர் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மிதிப்பதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலை டிரிப் முடிந்து அவர் நாஸ்தா சாப்பிட்டதும், தரையில் எதிரெதிரே உட்கார்ந்து உள்ளங்காலோடு உள்ளங்கால் வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு சொம்பில் இரண்டு கரண்டிகள். அவைதான் கைப்பிடிகள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலால் தள்ளுவார். நான் எதிர்த்து மிதித்து, சும்மா கிடக்கும் கால் எதுவென்று பார்த்து, அந்தப் பக்கத்துக் கரண்டியைத் தொட வேண்டும். முதல் நாள் பத்துக்கு நாலு தப்பு.

இரண்டாம் நாள் மாமியார் முருங்கைக்கீரையோடு உள்ளே வந்தார்.

"இன்னாடி இது, புருசன உதச்சிகினு கீற?"

"பிளேனு ஓட்டப் பழகிகினு கீதும்மா," என்றார் கணவர்.

"பழகட்டும். கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்க வேணாமா?"

அன்று போட்ட சட்டம்தான். ஒவ்வோர் உதைக்கும் கணவரின் முட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் கரண்டி. மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே நடுவராக உட்கார்ந்துவிட்டார். "இப்ப ஒத்திக்கல, நான் பாத்துகினுதான் கீறேன்," என்பார். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தத் தொல்லையைப் பற்றித் தோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். காபி டம்ளரைக் கழுவாமல் போட்ட நாட்களில் கணவரைக் கொஞ்சம் தாராளமாகவே உதைத்தேன். அவர் மல்லாந்து விழுவார். நான் பயபக்தியோடு ஒற்றிக்கொள்வேன். மாதக் கடைசியில் ஒரு கரண்டிகூடத் தப்பவில்லை. பயிற்சியின் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு நாளன்று எனக்கு இன்னொரு கவலை சேர்ந்துகொண்டது. பழக்கதோஷத்தில் மேலே போய் ஒற்றிக்கொண்டுவிடக் கூடாது. தேர்வாளர் வேறு சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர். வலப்பக்க இருக்கையில் அவர் உட்கார, கோவளத்தைத் தாண்டிக் கடலோரமாகப் போனோம். மாமல்லபுரத்துக் கோயில் தூரத்தில் தெரிந்ததும் திரும்பச் சொன்னார். அதற்கு மேல் எங்களுக்கு அனுமதி இல்லை. திரும்பி நேரானதும், கைப்பிடிகளை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, ஒரு இன்ஜினை அடக்கினார்.

மூக்கு இடப்பக்கம் திரும்பியது. வலது காலால் ஓங்கி மிதித்தேன். கணவர் மேல் பழகிய மிதி. விமானத்தில் இரண்டு இருக்கைகளின் மிதிகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நான் வலதை அழுத்த, தேர்வாளருடைய இடது மிதி பின்னால் வந்து, அவர் முட்டி மேலே எழும்பிக் கருவிப் பலகையின் அடியில் இடித்தது. "ம்ஹா" என்றார்.

என் வலது கை கைப்பிடிக்குப் போகவில்லை. அவர் முட்டியைத் தொட்டது. என் கண்ணில் ஒற்றியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் கை அப்படி ஊர் சுற்றிவிட்டு வருவதற்குள், இடது கால் சும்மா கிடப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. "இடது," என்று சொல்லி, காகிதத்துக்கு அடியில் இடது கைப்பிடியைத் தொட்டேன்.

கீழே இறங்கிய பிறகு தேர்வாளர் ஒரு கையால் முட்டியைத் தடவிக்கொண்டே மறு கையால் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"கை அவசரப்படக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். நீங்க பண்ணது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எங்க மாமியார் சொன்னது சார்."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு மாதமாகக் கரண்டி தப்பாமல் இருந்ததற்குக் காரணம் அந்த ஒற்றல்தான். கிண்டலடித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் கீரை முறத்தோடு உட்கார்ந்திருந்தார். குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப யார உதச்சிட்டு வந்த?"

"பரீட்ச வெச்சவர, அத்த."

"ஒத்திக்கினியா?"

"ஒத்திக்கினேன்."

"அப்ப பாஸுதான்," என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தார்.