மங்கை அக்காவின் காட்டு ரோஜா வேலி

அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசுகி வந்து, "மங்கை அக்கா காலையில போயிட்டாங்க சார்" என்றார். செருப்பு மாட்டிய காலோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேங்கிக்காலில் எங்கள் குடியிருப்பில் அவரைத் தெரியாதவர் இல்லை. செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். பூங்காவுக்கென்று ஒதுக்கிய காலி மனையைச் சுற்றி இன்று ஆளுயரம் நிற்கும் காட்டு ரோஜா வேலி அவர் வளர்த்தது.

தொண்ணூறுகளில் அந்த இடத்தை வளைத்துக் கடை கட்ட ஒருவர் முனைந்தார். ஆள்பலம் உள்ளவர், பெயர் வேண்டாம். நாங்கள் போட்ட கம்பிவேலி அடுத்தடுத்துக் காணாமல் போயிற்று. அக்கா, தாம் முன்பு வேலை பார்த்த ஜவ்வாது மலைக்குப் போய்க் காட்டு ரோஜாக் குச்சிகளை வெட்டி வந்து நட்டார். "கம்பியைத் தூக்கிட்டுப் போனாங்க இல்ல? இதைத் தூக்கச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார். துணி அலசிய தண்ணீரை ஊற்றியே கோடைகளைக் கடத்தினார். கொக்கி போன்ற முள்ளும் வெள்ளைப் பூவுமாக அது அடர்ந்தது.

ஒருநாள் அரிவாளோடு ஆட்கள் வந்தார்கள். வேலை முடிந்து வந்த அக்கா, சீருடையைக்கூட மாற்றாமல் எதிரே போய் நின்றார். "வெட்டுங்க. கை கிழிஞ்சா எங்க ஆஸ்பத்திரிக்குத்தான வரணும்? ஊசி போடறது நான்தான்." பாதி வேலி சாய்வதற்குள் ஒருவனுடைய முழங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. அவனை உட்காரவைத்து அக்காவே கட்டுப் போட்டார். "வலிக்குதுக்கா" என்றான். "வலிக்கட்டும்" என்றார்.

வெட்டியும் தீராமல், யாரோ தீ வைத்தார்கள். கரிக்கட்டைகளைப் பார்த்து நாங்கள் கைவிட்டோம். அவரோ சாம்பலைக் கிளறிவிட்டு, "வேரு உள்ளதான இருக்கு?" என்று குடத்தைத் தூக்கினார். மழை விழுந்ததும் துளிர்கள் முன்னைவிட நெருக்கமாகக் கிளம்பின. அதன்பிறகு தெருவே தண்ணீர் ஊற்றியது.

மனையில் அக்காவின் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியை மட்டும் விட்டுவிடுவதாக அந்த மனிதர் சமாதானம் பேச ஆளனுப்பினார். "என் வாசலுக்காக நான் நடலீங்க. இது பசங்க விளையாடற எடம்னு போய்ச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினார் அக்கா. அந்த மனிதர் கடைக்கு வேறு இடம் தேடிப் போனார்.

இறுதி ஊர்வலம் பூங்காவைக் கடந்தபோது ஒருவர் என் காதருகே, "இந்த முள்ளை எடுத்துட்டு மதில் கட்டிடலாமே, இடமும் ஜாஸ்தி கிடைக்கும்" என்றார்.

"தொடக் கூடாதுங்க" என்றேன். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. அப்படி ஒரு குரல் எனக்கு இதற்குமுன் இருந்ததில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.