நடைவழியில் போட்ட நாற்காலி

தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் நான் டிக்கெட் கிழித்த காலத்தில், லைசென்ஸ் புதுப்பிக்க ஆண்டுதோறும் ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் டேப். சீட்டிங் பிளான்படி நடைவழியை அளந்து முடித்ததும், நடு வரிசையிலிருந்து கதவு வரை கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்.

"எதுக்கு சார் இது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தீப்பிடிச்சா புகையில கண்ணு தெரியாதுப்பா. வழியில ஒரு நாற்காலி இருந்தா போதும், ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்துடுவாங்க."

கூட்டத்துக்காக நடைவழியில் போட்டிருந்த நாற்காலிகளை அவர் வரும் நாளில் மட்டும் மொட்டைமாடிக்கு ஏற்றியிருப்போம். அவர் ஸ்கூட்டர் போனதும் இறக்கிவிடுவோம்.

ஒரு பொங்கலன்று இன்ஸ்பெக்டர் மனைவி, மகளோடு படம் பார்க்க வந்தார். இரண்டு சீட்தான் மிச்சம். அவருக்கு நடைவழி நாற்காலியைத் தயங்கித் தயங்கிக் காட்டினேன்.

"தெரியும்பா. மேலிடத்துக்கு ரெண்டு தடவ எழுதினேன். இப்ப எழுதறதில்ல," என்று சொல்லி உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. மகள் திரையைப் பார்த்துச் சிரித்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை, மடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. கதவு வரை கிடந்த நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நாற்காலியைக்கூட எடுக்கவில்லை.