கேமராவுக்குச் சட்டை போட்டுக்கொண்டவர்

வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிவந்ததிலிருந்து, எதிர்வீட்டு ஃபிராங்க் தினமும் காலையில் எனக்குத்தான் கையசைக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தபடி கையசைத்து வந்தேன். ஊரில் எதிர்வீட்டுக்காரர் "என்ன, கிளம்பியாச்சா?" என்று கேட்பாரே, அதன் அமெரிக்க வடிவம் என்று எடுத்துக்கொண்டேன். போன மாதம்தான் விஷயம் தெரிந்தது. அவர் கையசைத்தது தன் வீட்டு விளக்குக் கம்பத்தில் இருந்த சின்னக் கேமராவுக்கு. சியாட்டிலில் இருக்கும் மகள் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பாளாம். அசடு வழிய நின்ற என்னிடம், உன் அப்பாவும் ஊரில் தனியாகத்தானே இருக்கிறார், அவர் கையசைப்பாரா என்று கேட்டார். என் அப்பா அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். எனக்கு எப்படித் தெரியும்? அப்பா வீட்டிலும் கேமரா இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்கும் ஆப்பை நான் திறந்தே பல மாதங்கள் ஆகியிருந்தன.

ஊடகங்களை மனிதர்கள் ஏன், எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அது மனதை என்ன செய்கிறது என்று ஆராய்வதுதான் பல்கலைக்கழகத்தில் என் வேலை. கடைசி ஆய்வு நம்மவர்களைப் பற்றியது: ஊரில் பெற்றோர் வீட்டில் கேமரா மாட்டிவிட்டு, இங்கிருந்து போனில் பார்ப்பவர்கள். இங்கே பக்கத்தில், தமிழர்கள் நிறைய இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் வீடு வீடாக உட்கார்ந்து பேசினேன். "டெய்லி எல்லாம் செக் பண்றதில்ல மேடம். ஆப் போன்ல இருக்குன்னாலே ஒரு நிம்மதி" என்றார் ஒருவர். அந்த நிம்மதிக்கு ஒரு பெயர் சூட்டி, கட்டுரை எழுதி, கருத்தரங்கில் கைதட்டலும் வாங்கினேன். பார்க்கப்படுகிறவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதில் வேடிக்கை, அந்தக் கட்டுரையை எழுதும்போது தொந்தரவாக இருக்கிறதென்று அப்பா வீட்டுக் கேமராவின் நோட்டிஃபிகேஷனை அணைத்தவள், பிறகு போடவே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

அம்மா போன பிறகு, ஈரோட்டு வீட்டில் டிவிக்கு மேலே ஆள் வைத்து அந்தக் கேமராவை மாட்டியது நான்தான். "மாத்திரை போடறீங்களா இல்லையான்னு அங்கிருந்து பாத்துட்டே இருப்பேன், ஏமாத்த முடியாது" என்று அப்பாவை மிரட்டிவிட்டு விமானம் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உடம்பு எப்படி என்று கேட்டால், "அதான் நீ பாக்கறியே அம்மிணி" என்பார். கிண்டல் செய்கிறார் என்று நானும் சிரிப்பேன்.

ஃபிராங்கிடம் பேசிய அன்று ஆப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு மறந்திருந்தது. புதிது போட்டு உள்ளே போனேன். பழைய பதிவுகள் வரிசையாக இருந்தன. வீட்டில் எப்போதும் பனியனோடு இருக்கும் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, டிவியைப் போடாமல், கேமராவுக்கு எதிரே உட்கார்கிறார். தட்டைச் சாய்த்து இட்லியைக் காட்டுகிறார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உயர்த்திக் காட்டி, விழுங்கி, காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறார். கொஞ்ச நேரம் அப்படியே கேமராவைப் பார்த்திருந்துவிட்டு, உத்தரவு கிடைத்தவர்போல எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். எந்த நாளைத் திறந்தாலும் இதுவேதான். ஒரு பதிவில் மட்டும் வேட்டியை ஒதுக்கி, காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, வீங்கியிருந்த கணுக்காலை விரலால் அழுத்தி அழுத்திக் காட்டினார்.

உடனே போன் செய்து, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அப்படியேதான் இருக்குது அம்மிணி. நாந்தான் காமிச்சனே. நீ பாத்துட்டு ஒண்ணுஞ் சொல்லலீன்னா, ஒண்ணுமில்லீன்னுதானே அர்த்தம்? அதான் டாக்டருகிட்டப் போகுல."

இப்போதுதான் கவனித்தேன் என்று பாதிப் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், நாளைக்கு நெஞ்சு வலித்தாலும் அதையும் இந்தக் கேமராவிடம்தான் சொல்வார்.

"நான் பாக்கலப்பா. ரொம்ப மாசமா பாக்கவே இல்ல."

"வேல இருந்திருக்கும்" என்றார் அப்பா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குச் சாக்கையும் அவரே தேடிக் கொடுத்தபோது கூனிக் குறுகிப்போனேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரோடு டாக்டரிடம் போனார். பிரஷர் மாத்திரையால் வந்த வீக்கமாம். மாத்திரையை மாற்றினார்கள், வடிந்துவிட்டது. நல்லவேளை என்று எல்லோரும் சொன்னார்கள். என் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை; அப்பாவைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வெட்கம் அதனால்தான் இன்னும் தீரவில்லை. இதைப் படிக்கிற உங்களில் பலரின் ஊர் வீட்டிலும் டிவிக்கு மேலே ஒரு கேமரா இருக்கும். அதற்கு எதிரே யார் என்ன சட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது தினமும் காலைக் காபியோடு ஆப்பைத் திறந்துவிடுகிறேன்; அங்கே அது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அப்பா பனியனோடு வருகிறார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் போடுகிறார். மாத்திரையை யாருக்கும் காட்டாமல் வாயில் போட்டுக்கொள்கிறார். அவர் பார்வை எனக்குச் சற்றுக் கீழே, டிவியில் நிற்கிறது. சன்னலுக்கு வெளியே ஃபிராங்க் தன் மகளுக்குக் கையசைக்கிறார். நான் போனைப் பார்த்துக் கையைத் தூக்குகிறேன். ஈரோட்டில் அப்பா சேனலை மாற்றுகிறார்.