நீக்கியும் நீங்காத பதினேழாவது பெயர்

சங்கச் செயலாளர் வேலையில் பாதி பட்டியல் எழுதுவது, மீதிப் பாதி அதற்காக வசவு வாங்குவது. சங்கம் நடத்தும் தோழர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டை விசைத்தறித் தொழிலாளர்களுக்காக நான் பட்டியல் போட்டேன். தொழிலாளர் அதிகாரி ஆட்களை நேரில் அழைத்துச் சரிபார்த்தால்தான் கூலி உயர்வுப் பேச்சு. ஒரு பெயருக்கு ஆள் வராவிட்டாலும் பொய்ப் பட்டியல் என்று முதலாளிகள் எழுந்து போய்விடுவார்கள். எனவே பிழையில்லாமல் பட்டியல் போடக் கற்க, கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன்.

முதல் ஆள்

டீச்சர் செல்வி கற்றுத்தந்த மொழியில் பட்டியல் என்றால் இரண்டே பங்கு: முதல் பெயர், மிச்சம். முதல் பெயரை அச்சடித்துவிட்டு, மிச்சத்தை அதே கட்டளையிடம் கொடுக்க வேண்டும். முதல் ஆளுக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்று எதிர்த்தேன். பன்னிரண்டு வருடமாகப் பதவியை விடாத செயலாளன் கேட்கிற கேள்வியா அது!

"மிச்சத்துல இருக்கறவரு அடுத்த சுத்துல முதல் ஆளாயிருவாரு அண்ணாச்சி. ஒங்க சங்கத்துல அப்படி மொறை வருமா?"

நிறுத்தும் வரி

பட்டியல் காலியானால் நிறுத்து என்று ஒரு வரி எழுத வேண்டும். நிறுத்தச் சொல்லும் எதுவும் எனக்கு ஆகாது, விட்டுவிட்டேன். பெயரெல்லாம் தீர்ந்தபின்னும் முதல் ஆளைக் கேட்டு, பிழை காட்டி நின்றது இயந்திரம். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பந்தல்குடியில கூட்டம் கலைஞ்ச பெறகும் மைக்கில பேசுனீகளே, அதையே இதுக்கும் பழக்கிட்டீக!"

மாரிச்சாமி

மாரிச்சாமி வேலைநிறுத்தத்தின்போது தறி ஓட்டியவன். சங்கத்தை விட்டு விலக்கியிருந்தோம். அவன் பெயரை நீக்கும் கட்டளையை நானே எழுதினேன். திரையில் பெயர் இல்லை. பெருமையோடு அச்சடித்து அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அலுவலகப் பலகையில் ஒட்டியபிறகு பார்த்தால், பதினேழாவது பெயர் மாரிச்சாமி! அந்த மொழியில் நீக்கினால் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். பெயர் நீங்கிய புதுப் பட்டியல் தனியாகக் கிடைக்கும். நான் அச்சடித்தது பழையதை. கொடுத்த பட்டியலைத் திருத்தப் போனால், அதையே பொய்ப் பட்டியல் என்பார்கள்.

சரிபார்ப்பு நாளில் அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "மாரிச்சாமி" என்றதும் முதலாளிகளின் ஆள் சிரித்தான். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது: "இருக்கேன் சார்." கணக்கு நேரானது, பேச்சும் தொடங்கியது.

வெளியே வந்து, "ஒன்னை யாருலே வரச் சொன்னது?" என்றேன்.

"பலகையில எம் பேரு இருந்துச்சு. வாயத் தொறந்து கூப்பிட மாட்டீக, எழுதியாச்சும் கூப்பிட்டீகளேன்னு வந்தேன் அண்ணாச்சி."

நான் வாங்கித் தந்த கூலி உயர்வுகளிலேயே பெரியதை, என் பிழையை நம்பி வந்த மாரிச்சாமிதான் வாங்கித் தந்தான் என்று இன்றுவரை எந்தத் துண்டறிக்கையிலும் நான் எழுதவில்லை.